மைக்கும் கணக்கு நோட்டும்

அம்பத்தூர் ஹைஸ்கூல் ரோட்டில் தினமும் போய்வருகிறவர்களிலேயே பலருக்கு, வட இந்திய மலைக்கிராமங்கள் வரை ஊழியர்களை அனுப்பும் ஓர் அமைப்பின் தலைமையகம் அந்தத் தெருவில் இருப்பது தெரிந்திருக்காது. ஃப்ரெண்ட்ஸ் மிஷனெரி பிரேயர் பேண்ட் என்பது முழுப்பெயர், சபைகளில் எஃப்.எம்.பி.பி. என்றால்தான் தெரியும். கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு வேதாகமப் பள்ளி நடத்திக்கொண்டிருந்த தமிழ் வாலிபர்கள் சிலர், 1950-களின் இறுதியில் ஒன்றுகூடி ஜெபிக்க ஆரம்பித்ததில் பிறந்தது அது. எந்தப் பேராயமும் தீர்மானம் போட்டு அதைத் தொடங்கவில்லை, எந்த வெளிநாட்டு மிஷனும் பணம் போடவில்லை. 1967-ல் தர்மபுரிப் பக்கத்து மலைக்கிராமத்துக்கு முதல் ஊழியரை அனுப்பினார்கள். பிறகு குஜராத், பிகார், இன்றைய ஜார்கண்டின் மால்தோ பழங்குடி மக்கள் என்று வேலை விரிந்தது. சாம் கமலேசன், எமில் ஜெபசிங், பேட்ரிக் ஜோஷ்வா என்று தமிழ்ச் சபைகள் பின்னாளில் மரியாதையோடு சொன்ன பெயர்கள் அந்த வட்டத்தில் வளர்ந்தவை. மிஷனெரிப் பணியைப் பற்றி வாசகருக்கு எந்தக் கருத்தும் இருக்கலாம்; அது வேறு விவாதம். இங்கே கவனிக்க வேண்டியது அந்த இளைஞர்கள் எப்படி ஆளானார்கள் என்பதுதான். ஊருக்கு ஊர் சிறு ஜெபக்குழு வைத்தார்கள், மாதாமாதம் சம்பளத்திலிருந்து பணம் எடுத்து வைத்தார்கள், யாரை எங்கே அனுப்புவது என்று தாங்களே உட்கார்ந்து முடிவு செய்தார்கள், அனுப்பியவருக்கு மாதம் தவறாமல் பணம் போய்ச்சேர்ந்ததா என்று தாங்களே கவலைப்பட்டார்கள். 'அறைகூவல்' என்று பத்திரிகையும் நடத்தினார்கள். அவர்களுக்குக் கிடைத்த தலைமைப் பயிற்சி இதுதான். விசுவாசம் வளர்ந்ததும் இதே வேலைக்குள்தான்.

அதே அம்பத்தூரிலும், ஆவடியிலும், பூந்தமல்லியிலும் இன்றைக்கு ஒரு சராசரி சபையில் ஒரு பிள்ளை வளரும் விதத்தைப் பாருங்கள். ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பித்துப் பரிசு வாங்குகிறது. பதினான்கு, பதினைந்து வயதில் திடப்படுத்தல். பிஷப் வந்து தலையில் கைவைத்து ஜெபிக்கிறார், வெள்ளைச் சேலையும் புது பேண்ட்டுமாகப் போட்டோ எடுக்கிறார்கள். கத்தோலிக்கப் பங்கில் அதற்கு உறுதிபூசுதல் என்று பெயர், விருந்து ஒன்றுதான். அடுத்த வருடம் பிளஸ் ஒன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோச்சிங் வகுப்பு. அப்புறம் பொறியியல் கல்லூரி, அதற்கப்புறம் தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஷிப்ட் அல்லது ஐ.டி. கம்பெனியில் இரவு வேலை. பையன் மெதுவாகப் பின் வரிசைக்கு நகர்கிறான், பிறகு கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும் வருகிறான். இதைப் பார்த்துக் கலங்கும் பெரியவர்கள் என்ன செய்கிறார்கள்? கிட்டார் வாங்குகிறார்கள். மேடைக்கு கலர் லைட் போடுகிறார்கள். ஏதோ ஒரு மலைவாசஸ்தலத்தில் மூன்று நாள் ரிட்ரீட் ஏற்பாடு செய்கிறார்கள். வருடத்துக்கு ஒருமுறை வாலிபர் ஞாயிறு வைக்கிறார்கள்; அன்றைக்குப் பாடம் வாசிப்பதும் காணிக்கை எடுப்பதும் இளைஞர்கள் கையில். மற்ற ஐம்பத்தொரு ஞாயிறும் அவர்கள் பார்வையாளர்கள். என் வாதம் இந்த இடத்திலிருந்து தொடங்குகிறது: இளைஞருக்கு நிகழ்ச்சி நடத்துவதும் இளைஞரிடம் பொறுப்பு கொடுப்பதும் வேறு வேறு. முதலாவதை நாம் தாராளமாகச் செய்கிறோம். இரண்டாவதில் கை இறுகிவிடுகிறது.

பொறுப்பு என்றால் என்ன என்பதற்கு நம் ஊர்ச் சரித்திரத்திலேயே நல்ல உதாரணம் உண்டு. வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874-ல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். கடைசித் தேர்வு நேரத்தில் நோய்வாய்ப்பட்டதால் பட்டம் வாங்காமலே வெளியே வந்தார். பட்டம் இல்லாத அந்த வாலிபரை இருபத்தோரு வயதில் ஒய்.எம்.சி.ஏ. தென்னிந்தியச் செயலாளர்களில் ஒருவராக வேலைக்கு வைத்துக்கொண்டது. இன்றைய நம் கமிட்டிகளில் எத்தனை பேர் அந்த விண்ணப்பத்தை இரண்டாம் தடவை புரட்டிப் பார்த்திருப்பார்கள் என்று யோசிக்கலாம். ஊர் ஊராகப் போய்ப் படிக்கும் இளைஞர்களைச் சேர்ப்பது, கூட்டங்கள் நடத்துவது, வெள்ளைக்காரச் சகாக்களோடு சமமாக உட்கார்ந்து திட்டம் போடுவது என்று பல வருடம் அந்த வேலையிலேயே ஊறினார். 1902-ல் யாழ்ப்பாணம் போனபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தச் செலவில் தமிழ்நாட்டுக்கே ஓர் ஊழியரை அனுப்பியிருப்பதைக் கண்டார். அது அவரை உறுத்தியது. மறு ஆண்டே, 1903-ல், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரிச் சங்கத்தை நண்பர்களோடு சேர்ந்து தொடங்கினார். அப்போது அவருக்கு முப்பது வயது ஆகவில்லை. 1905 கிறிஸ்துமஸ் நாளன்று செராம்பூரில் தேசிய மிஷனெரிச் சங்கம் உருவானதிலும் அவர் பங்கு பெரிது. 1910-ல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டு மேடையில் ஏறி, மேல்நாட்டு மிஷனெரிகள் எல்லாம் கொடுத்தார்கள், சமமான நட்பை மட்டும் கொடுக்கவில்லை என்ற பொருளில் முகத்துக்கு நேரே பேசினார். 1912-ல் தோர்ணக்கல் பிஷப்பாக அபிஷேகம் பெற்று, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப் ஆனார். எடின்பரோவில் அந்தத் துணிவு ஒரே நாளில் வந்துவிடவில்லை. இருபத்தோரு வயதிலிருந்து நிஜமான வேலை கையில் இருந்தது. தப்பு செய்தால் பதில் சொல்ல வேண்டிய வேலை அது.

அசரியாவை வளர்த்த ஒய்.எம்.சி.ஏ.-வே ஓர் இருபத்திரண்டு வயதுக்காரர் தொடங்கியதுதான். லண்டன் துணிக்கடை ஒன்றில் வேலை பார்த்த ஜார்ஜ் வில்லியம்ஸ், கிராமங்களிலிருந்து நகரத்துக்கு வேலை தேடி வந்து கடைகளிலேயே படுத்துக்கிடந்த சகதொழிலாளிகளைச் சேர்த்து 1844-ல் ஆரம்பித்தார். சென்னைக்கு அது 1890-ல் வந்தது. கத்தோலிக்கர் பக்கம் இதே கதையை பெல்ஜியத்தின் ஜோசப் கார்டைனின் வாழ்க்கை சொல்கிறது. குருமடத்துக்குப் படிக்கப்போன அவர் விடுமுறையில் ஊர் திரும்பியபோது, ஆலை வேலைக்குப் போய்விட்ட பள்ளித் தோழர்கள் தம்மை அந்நியனாகப் பார்ப்பதைக் கண்டார். பின்னாளில் குருவாகி, 1920-களில் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தைத் தொடங்கினார். தொழிலாளிக்குத் தொழிலாளிதான் நற்செய்தி சொல்ல முடியும் என்பது அவர் பிடிவாதம். அதற்கு அவர் வகுத்த முறை எளிமையானது: இளைஞர்கள் கூடி உட்கார்ந்து தங்கள் வேலையிடத்தில் நடப்பதைப் பார்ப்பது, அதை விசுவாசத்தின் வெளிச்சத்தில் எடைபோடுவது, பிறகு ஏதாவது ஒன்றைச் செய்வது. 1961-ல் போப் இருபத்துமூன்றாம் ஜான் தம் சுற்றுமடலில் இந்த முறையை ஏற்றுப் பரிந்துரைத்தார். ஏன் இதை அம்பத்தூரில் உட்கார்ந்து பேச வேண்டும் என்றால், நம் மேற்குப் புறநகரும் கடையும் ஆலையும் பெற்ற பிள்ளைதான். 1949-ல் டி.ஐ. சைக்கிள் ஆலை, 1960-களின் தொடக்கத்தில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் ராணுவ உடைத் தொழிற்சாலையும், 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை என்று அடுத்தடுத்து வந்தவை, தென்மாவட்டத்து இளைஞர்களைக் கூட்டம் கூட்டமாக இங்கே இழுத்துவந்தன. ஒப்பந்தத் தொழிலாளி, ஓவர்டைம், மேற்பார்வையாளரின் வசவு, சம்பளப் பிடித்தம் என்று கார்டைன் கண்ட அதே விஷயங்கள் இன்றைக்கும் எஸ்டேட் கேட்டுக்குள் இருக்கின்றன. எத்தனை வாலிபர் கூட்டங்களில் ஒரு பையன் இவற்றைப் பற்றி வாய் திறந்திருப்பான்? கேள்விப்படுகிற தலைப்புகள் பெரும்பாலும் சினிமா பார்க்கலாமா, செல்போன் நல்லதா, காதலிக்கலாமா என்பவைதான்.

பூந்தமல்லியில் 1936-ல் தொடங்கிய திரு இருதய குருமடம் இருக்கிறது. ஓர் இளைஞர் குருவாக வேண்டுமென்றால் தத்துவம், இறையியல், இடையில் களப்பணி என்று ஏழு ஆண்டுக்கும் மேல் திருச்சபை அவருக்காகச் செலவிடுகிறது. சி.எஸ்.ஐ. எனப்படும் தென்னிந்தியத் திருச்சபையில் போதகராவதற்கும் இறையியல் கல்லூரியில் நான்கைந்து ஆண்டு படிப்பு, பிறகு மூத்த போதகரின் கீழ் பயிற்சி. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பங்கின் இளையோர் இயக்கத்தில் இருக்கும் நூறு பேரில் குருவாகப் போகிறவர் ஒருவரோ இருவரோ. மீதிப் பேர் ஆசிரியையாக, வெல்டராக, நர்ஸாக, வங்கிக் குமாஸ்தாவாக, வார்டு கவுன்சிலராக இதே ஊரில் வாழப்போகிறார்கள். அவர்களுக்குத் திருச்சபை ஒதுக்குவது சனிக்கிழமை மாலை ஒன்றரை மணி நேரம். அதிலும் முக்கால் மணி பாட்டு.

பாட்டுக்கு நான் விரோதி இல்லை. ஆனால் ஒரு வித்தியாசத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மே மாதம் பள்ளி விட்டதும் சபை மண்டபத்தில் பத்து நாள் நடக்கும் விடுமுறை வேதாகமப் பள்ளியை ஒருநாள் போய்ப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தியின் பொறுப்பில் ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் இருபது பேர். பாதிப் பேர் இந்து வீட்டுப் பிள்ளைகள், பக்கத்துத் தெருவிலிருந்து வந்தவர்கள். கதை சொல்லும்போது ஒருவன் ஜன்னலில் ஏறுகிறான், ஒருத்தி அம்மாவைக் கேட்டு அழுகிறாள். கலர் பென்சில் பத்துதான் இருக்கிறது, பத்து மணிக்கு ரஸ்னாவும் பிஸ்கட்டும் எல்லோருக்கும் சரியாகப் போய்ச்சேர வேண்டும், மதியம் ஒவ்வொரு பிள்ளையும் யாரோடு வீட்டுக்குப் போகிறது என்று எழுதிவைக்க வேண்டும். ராத்திரி வீட்டுக்குப் போய் மறுநாள் கதையை வேதாகமத்தில் தேடிப் படிக்கிறாள். அதுவரை பிரசங்கமாக மட்டும் கேட்டிருந்த யோசேப்பின் கதையை, சிறுபிள்ளைக்குச் சொல்ல வேண்டிய கட்டாயத்தில் முதல்முறையாக ஒழுங்காகப் படிக்கிறாள். அவன் அண்ணன்கள் ஏன் அப்படிச் செய்தார்கள் என்று ஒரு வாண்டு கேட்பான் என்று அவளுக்குத் தெரியும். அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதுதான் விசுவாசத்தில் வளர்வது. மேடையில் கண்ணை மூடிக்கொண்டு பாடும் அவளுடைய அண்ணனுக்கு இந்த நெருக்கடி வருவதில்லை. ஆனால் பத்து நாள் முடிந்ததும் என்ன நடக்கிறது? நிறைவு விழாவில் போதகரும் கமிட்டிச் செயலாளரும் மாலை போட்டுக்கொள்கிறார்கள். எவ்வளவு செலவாயிற்று, அடுத்த வருடம் என்ன மாற்ற வேண்டும் என்று அந்தப் பெண்ணை யாரும் கேட்பதில்லை. கணக்கு பொருளாளரோடு போய்விடுகிறது.

பெரியவர்கள் சொல்லும் மறுப்பு நியாயமில்லாதது அல்ல. இளைஞர் கையில் அதிகாரத்தைக் கொடுத்தால் அவசரப்படுவார்கள், உபதேசம் தடம் மாறும், நாலு பேர் சேர்ந்து தனிக்கூட்டம் ஆரம்பித்துவிடுவார்கள் என்கிறார்கள். மேற்குப் புறநகரில் தெருவுக்கு ஒரு சுயாதீன சபை முளைத்திருப்பதைப் பார்த்தால் இந்தப் பயம் புரிகிறது. அவர்களிடம் வேத ஆதாரமும் இருக்கிறது: பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் கடிதத்தில், புதிதாக விசுவாசத்துக்கு வந்தவனைக் கண்காணியாக வைக்க வேண்டாம், பெருமை தலைக்கேறும் என்று எச்சரிக்கிறார். ஆனால் அதே கடிதத்தில் அடுத்த அதிகாரத்திலேயே, உன் இளமையை வைத்து உன்னை யாரும் அலட்சியம் செய்ய இடம் கொடாதே என்றும் எழுதுகிறார். இரண்டையும் சேர்த்துப் படித்தால் சண்டை தீர்ந்துவிடும். முதலாவது பதவியைப் பற்றியது, இரண்டாவது நடத்தையையும் வேலையையும் பற்றியது. தீமோத்தேயுவைப் பவுல் தனியே விட்டுவிடவில்லை; கூடவே பயணம் கூட்டிப்போனார், தூர ஊர்களுக்குத் தூது அனுப்பினார், தப்பு வரும் இடத்தில் கடிதம் எழுதித் திருத்தினார். நம் ஊரில் நடப்பது இதற்கு நேர்மாறு. பொறுப்பே கொடுக்காமல் இருபத்தெட்டு வயது வரை உட்கார வைக்கிறோம். பிறகு ஆள் கிடைக்காத ஒரு தேர்தல் வருடத்தில் திடீரென்று கமிட்டியில் நிற்க வைக்கிறோம். பழக்கமில்லாத கையில் பெரிய அதிகாரம் போனால் பெருமைதானே ஏறும். பிரிந்துபோய்ச் சொந்தமாகச் சபை ஆரம்பிக்கிறவர்களிலும், தாய்ச் சபையில் வேலை கிடைக்காததால் போனவர்கள் கணிசமாக இருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

வேறொரு மறுப்பு இதைவிடக் கூர்மையானது, பெரும்பாலும் இளைஞர்களிடமிருந்தே வருகிறது. சபைத் தலைமை என்பது இன்று தேர்தல், அணி, சொத்து, கோர்ட்டு என்றாகிவிட்டது. எங்களை அந்தச் சேற்றுக்குள் ஏன் இழுக்கிறீர்கள் என்கிறார்கள். பொய்யில்லை. தென்னிந்தியத் திருச்சபையில் பிஷப்மார்களின் ஓய்வு வயதை 67-லிருந்து 70 ஆக உயர்த்தும் திருத்தம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது ஊரறிந்த செய்தி. இளைஞர் தலைமையைப் பற்றிப் பிரசங்கிக்கும் திருச்சபை, முதியவர்கள் இன்னும் எத்தனை வருடம் நாற்காலியில் இருக்கலாம் என்பதற்காக வழக்காடிக்கொண்டிருந்தால் பிள்ளைகள் சிரிக்கத்தான் செய்வார்கள். இந்தக் கசப்பை மூடிமறைத்து யாரையும் ஊக்கப்படுத்த முடியாது. ஆனாலும் தள்ளி நிற்பதால் சேறு வற்றிவிடாது. சபையின் பணம் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று பதினெட்டு வயதிலேயே தெரிந்த ஒருவரிடம், நாற்பது வயதில் மோசடிக் கணக்கைக் காட்டி ஏமாற்றுவது கடினம். வாலிபர் ஐக்கியத்துக்குச் சபை ஒதுக்கும் சிறு தொகையை, அது ஐயாயிரமாக இருந்தாலும், அவர்களே செலவழித்து அவர்களே கணக்கெழுதி ஆண்டுக் கூட்டத்தில் சபையார் முன்பு வாசிக்கட்டும். வாசிக்கும்போது ஒரு பெரியவர் எழுந்து, அந்த நானூறு ரூபாய் எதற்கு என்று கேட்கட்டும். அந்தக் கேள்விக்கு நின்று பதில் சொல்லப் பழகியவர்கள் பிறகு கமிட்டிக்கு வந்தால், தாங்களும் அதே கேள்வியைப் பெரியவர்களைப் பார்த்துக் கேட்பார்கள். பெரியவர்கள் பொறுப்பைக் கொடுக்கத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணமோ என்னவோ.

பெண்களின் காரியம் தனியாகச் சொல்ல வேண்டியது. ஞாயிறு பள்ளி, வேதாகமப் பள்ளி, பாடகர் குழு, நோயாளிகளைப் பார்க்கப்போவது என்று இளைஞர் ஊழியத்தின் பெரும்பாலான பாரம் பெண்பிள்ளைகள் தோளில்தான். வாலிபர் ஐக்கியச் செயலாளரோ பையன். தென்னிந்தியத் திருச்சபை 2013-ல் எக்கோனி புஷ்பலலிதாவை நந்தியால் பிஷப்பாக்கியது. முதல் பெண் பிஷப் அவர். அதற்குப் பிறகும் ஆவடியில் ஒரு பெண் வாலிபர் கூட்டத்துக்குத் தலைமை தாங்கினால் வீட்டில் எத்தனை மணிக்கு வருவாய் என்ற கேள்விதான் முதலில் எழும். இந்தக் கேள்விக்குச் சபை பதில் வைத்திருக்க வேண்டும். கூட்டத்தைப் பகலுக்கு மாற்றலாம், இரவென்றால் இரண்டு மூத்த சகோதரிகள் பஸ் ஸ்டாப் வரை துணைக்குப் போகலாம்.

இளைஞர்களுக்கு இதற்கெல்லாம் நேரம் எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு நீண்ட பதில் தேவையில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் செம்பரம்பாக்கம் ஏரி திறந்து அடையாற்றங்கரை மூழ்கியபோதும், இந்தப் பக்கம் கொரட்டூரிலும் அம்பத்தூரிலும் தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோதும், நேரமில்லாத அதே பிள்ளைகள்தான் சர்ச் மண்டபங்களில் ராப்பகலாகச் சாப்பாட்டுப் பொட்டலம் கட்டினார்கள். யாருக்கு எது தேவை என்று வாட்ஸ்அப்பில் பட்டியல் போட்டு, டிராக்டர் பிடித்து, அரிசி மூட்டை எங்கே இறங்க வேண்டும் என்று அவர்களே முடிவு செய்தார்கள். பெரியவர்களிடம் அனுமதி கேட்க அன்றைக்கு அவகாசம் இல்லாததால் கேட்கவில்லை. யாரும் கோபிக்கவும் இல்லை. வெள்ளம் வடிந்ததும் அவர்கள் பழைய பின்வரிசைக்கே திரும்பினார்கள். ஷிப்ட் வேலைக்காரனுக்கு வாரா வாரம் கூட்டத்துக்கு வர முடியாதுதான். மாதத்தில் ஒரு ஞாயிறு நான்கு முதியவர்களுக்கு வீட்டில் போய் மருந்து வாங்கிக் கொடுக்கிற பொறுப்பை அவனிடம் ஒப்படைத்தால் அவன் முடியாது என்று சொல்ல மாட்டான்.

கடைசியாக ஒரு குறை உண்டு, போதகர்கள் பெருமூச்சோடு சொல்வது: வருஷக்கணக்காகப் பிள்ளைகளைப் பழக்கி ஆளாக்கினால், வேலை கிடைத்து பெங்களூருக்கோ துபாய்க்கோ கனடாவுக்கோ கிளம்பிவிடுகிறார்கள், எங்கள் சபைக்கு என்ன மிச்சம்? மிச்சம் ஒன்றுமில்லாமல் போகலாம். ஆனால் இதே கேள்வியை 1960-களில் தென்மாவட்டத்து நாசரேத்திலும் மெஞ்ஞானபுரத்திலும் சாயர்புரத்திலும் கேட்டிருக்கலாம். அந்த ஊர்ச் சபைகளில் பாடகர் குழுவில் நின்றும், உபதேசியாரோடு பக்கத்துக் கிராமத்துக்கு நடந்துபோயும், சபை விருந்தான அசனத்துக்கு அரிசி அளந்து கணக்கெழுதியும் பழகிய வாலிபர்கள்தான் ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் வேலைக்கு ரயிலேறி வந்தார்கள். வாடகை வீட்டு முன்னறையில் பாய் விரித்து ஜெபக்கூட்டம் ஆரம்பிக்க அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இன்றைக்கு இந்தப் புறநகரில் கோபுரத்தோடு நிற்கும் எத்தனையோ சபைகள் அப்படித் தொடங்கியவை. அவர்களை வளர்த்த கிராமத்துச் சபைகளுக்கு அதிலிருந்து ஒரு ரூபாய்கூடத் திரும்பிப் போகவில்லை, வருஷத்துக்கு ஒருமுறை அசனப் பண்டிகைக்கு ஊருக்குப் போகும்போது போடுகிற காணிக்கையைத் தவிர.